பொருத்தம் ஜாஸ்தி

டாக்டரம்மாவின் அறையில் நானும் என் மனைவியும் இருந்தோம். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமனார், வரவில்லை. கீழ்பென்னாத்தூரில் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்க ஆள் விட்டிருந்தார். எங்களுக்குப் பிறந்திருக்க வேண்டிய மூன்று பேரும் இல்லை. மூவருமே மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை.

மற்றப் பரிசோதனைகளில் எந்தக் குறையும் தெரியவில்லை. நான் எங்கோ படித்துவிட்டு வற்புறுத்தியதால், எங்கள் இருவரின் ரத்தமும் ஜீன் பரிசோதனைக்குச் சென்னை போய் வந்திருந்தது.

“நோயை எதிர்க்கிற சக்திக்கு, இது நம்ம ஆளு, இது வெளி ஆளுன்னு காட்டிக் குடுக்கிற ஜீன் இருக்குது. குழந்தைக்குப் பாதி அப்பாகிட்டேருந்து வருது. அந்தப் பாதியை அம்மா உடம்பு வேத்து ஆளுன்னு கண்டுக்கணும். அப்பதான் கருவுக்குக் காவல் போடும்னு சொல்றாங்க. உங்க ரெண்டு பேருக்கும் அது நிறைய ஒண்ணா இருக்குது. அதனால காவல் விழாம போயிருக்கலாம். இருக்கலாம்தான், நிச்சயம் இல்ல. சொந்தத்துல கட்டின எத்தனையோ பேருக்கு நல்லா பொறக்குது” என்றார் டாக்டரம்மா.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆஸ்பத்திரி, பேங்க், வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ், எங்கே என்ன சொன்னாலும் அதை வீட்டுக்குப் புரிகிற மாதிரி சொல்வது என் வேலை. வெளியே வந்ததும் அம்மா எழுந்தாள்.

“இன்னாடா சொன்னாங்க?”

“ரெண்டு பேருக்கும் பொருத்தம் ஜாஸ்தியாம்மா.”

“அப்படிச் சொல்லு! ஜோசியக்காரன் பத்துக்கு எட்டுன்னான். டாக்டரும் சொல்லிட்டாங்களா? அப்போ கோளாறு எங்கேன்னு தெரிஞ்சுபோச்சு.”

“பொருத்தம் ஜாஸ்தியா இருக்கிறதுதாம்மா கோளாறு.”

“பொருத்தம் இருந்தா கோளாறா? எந்த ஊர்லடா? இதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?”

பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ நகரவில்லை. முன்னால் உட்கார்ந்த அம்மா டிரைவரிடமே பொருத்தக் கதையை ஆரம்பித்துவிட்டாள். என் மனைவி என் காதருகே சொன்னாள்: “ரெண்டு பேரும் ஒரே அச்சுன்னு சொல்லியிருந்தா அத்தைக்குப் புரிஞ்சிருக்கும் மாமா. போயும் போயும் பொருத்தம்னியே.”

வாரம் முடிவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. டாக்டரே பொருத்தம் பார்த்துச் சொல்லிவிட்டாராம், குறை பெண்ணிடம்தானாம். குழாயடியில் ஒருத்தி, “பொருத்தக்காரி வந்துட்டா, வழி விடுங்கடி” என்றாளாம். தன் தம்பி பெண்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று கட்டி வைத்தவள் அம்மா. கரு கலையக் கலைய அந்தப் பெண் தம்பி மகளாக இல்லாமல் போனாள். ‘தம்பி பொண்டாட்டி பெத்தது’ ஆகிவிட்டாள்.

சென்னையில் ஒரு மையத்தில் இதற்கு ஊசி போடுவதாகக் கேள்விப்பட்டேன். என் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து என் மனைவியின் கையில், தோலுக்கடியில் ஏற்றுவார்கள். அவள் உடம்பு என்னை அடையாளம் காணப் பழகுமாம். “பலன் இருக்குதுன்னு நிரூபிக்கலப்பா. நான் எழுதிக் குடுக்க மாட்டேன்” என்றார் டாக்டரம்மா. எனக்கு நம்ப ஏதாவது வேண்டியிருந்தது. அவள் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். விற்றோம்.

திரும்பி வரும் பஸ்ஸில் வீங்கிச் சிவந்த கையை ஜன்னல் காற்றில் காட்டிக்கொண்டு சிரித்தாள். “இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் என் உடம்புக்கு உன்னைத் தெரியலையாம். அறிமுகப்படுத்தக் காசு வாங்கறானுங்க பாரு.”

நான்காவதும் தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அவள் படுத்திருக்க, அம்மா வாசலில் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசினாள்: “அவன் ரத்தத்தையே ஏத்திப் பார்த்தாச்சு. இன்னமும் அவன் இன்னா பண்ணுவான்?”

மறுநாள் அவள் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். நான் கதவருகில் நின்றேன்.

“உன் ரத்தத்தை ஏத்தினியே மாமா, உங்கம்மா வாய்க்கு ஒரு ஊசி கிடைக்கலையா?”

மாமனார் வேன் எடுத்துக்கொண்டு வந்தார். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. மகளை ஏற்றிவிட்டு என்னிடம் மட்டும் கேட்டார்: “மொத்தமா இன்னா ஆச்சுப்பா?”

பரிசோதனை, ஊசி, லாட்ஜ், பஸ் எல்லாம் கூட்டிச் சொன்னேன். அவள் சங்கிலி விற்ற காசையும் சேர்த்து, இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம் ரூபாய்.