நான் வராத நாட்களின் கையெழுத்து

மாதனூர்ப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு கிளை நூலகம் இருக்கிறது. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு, மாலை நாலிலிருந்து ஆறு. ஷூ கம்பெனி பஸ் காலை ஏழுக்கே எங்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். திரும்ப இறக்கிவிடும்போது மாலை ஏழாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை நூலகர் வேறோர் ஊருக்குப் போய்விடுவார், அந்த நூலகத்துக்கும் அவரேதான். இந்த நேரத்தை வகுத்த மகராசன் யாருக்காக வகுத்தானோ தெரியவில்லை. ஊரில் பாதிப் பேர் கம்பெனிக்குப் போகிறவர்கள்.

நான் குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இந்த முறையும் தேர்வு கைவிட்டுப் போனால் காலத்துக்கும் தையல் மெஷின்தான். வேண்டிய புத்தகம் நூலகத்தில் இருந்தது, ஆனால் வீட்டுக்குத் தரமாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். அதனால் பஸ்ஸில் வரும் பெண்கள் எட்டுப் பேர் சேர்ந்து, இரவு எட்டு மணி வரை திறந்து வையுங்கள் என்று மேலிடத்துக்கு மனுப் போட்டோம். தற்போதைய நேரத்திலேயே வாசகர் வருகை திருப்திகரமாக இருப்பதால் மாற்றம் தேவையில்லை என்று பதில் வந்தது.

யார் அந்த வாசகர்கள்? பார்த்தே தீருவது என்று ஒருநாள் லீவு போட்டுவிட்டுக் காலை பத்து மணிக்குப் போனேன். நூலகரைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. மேசைமேல் இருந்த வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். என் பெயர் இருந்தது. திங்கள், செவ்வாய், புதன், தினமும் மாலை நாலரை மணி. மனுப் போட்ட மற்ற ஏழு பேரும் தவறாமல் வந்திருந்தார்கள், எல்லாருக்கும் ஒரே கையெழுத்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனியில் வருகை மெஷினில் விரல் வைக்க ஐந்து நிமிஷம் தாமதமானால் சம்பளத்தில் கை வைக்கிறார்கள். இங்கே வராமலே வந்திருக்கிறேன்.

"இன்னா சார் இது? நாலரைக்கு நான் கம்பெனில தச்சிக்கினு இருக்கேன்."

"கோச்சிக்காதம்மா. ஆள் கம்மின்னு காட்னா மூடிட்டுப் போய்டுவாங்க. மெம்பருங்க பேரத்தான் எழுதினேன்."

"எங்க பேரு மட்டும் வேணும், நாங்க வேணாமா?"

அன்றைய தேதியிலாவது நானே கையெழுத்துப் போடலாம் என்று பேனாவை எடுத்தேன். அங்கேயும் என் பெயர் ஏற்கெனவே இருந்தது, மாலை நாலரை என்று.

அடித்தேன்.

"ஐயோ, அடிக்காதம்மா, இன்ஸ்பெக்ஷன் வருவாங்க" என்று பதறினார். வரட்டும் என்றுதான் அடித்தேன். பழைய பக்கங்களிலும் என் பெயர் இருந்த வரியிலெல்லாம் 'கம்பெனியில் இருந்தேன்' என்று எழுதினேன். பிறகு தேர்வுக்கான புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பாடம் முடிவதற்குள் பன்னிரண்டாகிவிட்டது. நூலகர் பூட்டும் சாவியுமாக வந்து நின்றார்.