கரையில் நிற்க ஓர் ஆள்

இந்த ஊரில் கடலுக்குத் தள்ளுபடி போடுகிறார்கள். காலையில் கைபேசியைத் திறந்தால், செருப்புக்கும் துண்டுக்கும் வரும் விளம்பரங்களுக்கு நடுவில் அதுவும் வந்து கிடக்கிறது. இந்த வாரத்துக்குள் பதிவு செய்தால் இரண்டாவது ஆளுக்குப் பாதி விலை, குழந்தைக்கு அதைவிடக் குறைவு, நாள் முழுக்க ஐஸ்கிரீம். என் மகள் ரீனாவின் பள்ளி வாசலில் நிற்கும் தாய்மார்கள் ‘நீங்கள் க்ரூஸ் போய் வந்துவிட்டீர்களா’ என்று உல்லாசக் கப்பல் பயணத்தைப் பற்றிக் கேட்பது, நம் ஊரில் ‘காப்பி குடித்தாச்சா’ என்று கேட்பதைப் போலத்தான் இருக்கும். ஹூஸ்டனில் அவளைப் பள்ளியில் சேர்த்த புதிதில் அதைக் கேட்டுத் திகைத்துப் போவேன். நான் தூத்துக்குடி திரேஸ்புரத்துக்காரி. கடலுக்குப் போகிறதை இத்தனை லேசாக ஒருவர் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. எங்கள் தெருவில், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிறவனிடம் எப்போது திரும்புவாய் என்றுகூடக் கேட்கமாட்டார்கள். கேட்டால் கடலுக்குக் காது கேட்டுவிடும் என்று ஒரு பயம்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அப்பாவும் அண்ணனும் ஒரே வள்ளத்தில் ஏறக் கூடாது. அப்பா சிறுவனாக இருந்தபோது அவருடைய அப்பாவும் சித்தப்பாக்களும் ஒரே வள்ளத்தில் போனார்கள், ஒரே காற்றில் போய்விட்டார்கள். அதன் பிறகு வெகுகாலம் அந்த வீட்டில் பெரிய ஆண் குரலே கேட்டதில்லையாம். அதிலிருந்து வந்த சட்டம் இது. அதற்கு இன்னொரு பாதியும் உண்டு, அது பெண்களுக்கானது. கடலில் ஆள் இருக்கும்போது வீட்டில் ஒருத்தியாவது கரையில் இருக்க வேண்டும். முத்துக்குளித்த காலத்திலேயே எங்கள் பக்கத்தில் இப்படித்தான். மூழ்குகிறவனின் கயிற்றை மேலே பிடித்திருப்பவன் அவனுடைய மச்சானாக இருப்பான். தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் கையை விடமாட்டான் என்ற நம்பிக்கை. ஒருத்தர் இறங்கினால் ஒருத்தர் மேலே நிற்க வேண்டும். இதைத் தவிரக் கடலைப் பற்றி எனக்கு வேறு ஒன்றும் சொல்லிக்கொடுக்கப்படவில்லை.

நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது ஒருநாள் அண்ணன் போகிற வள்ளத்தில் எஞ்சின் பழுதாகிவிட்டது. ஆள் குறைவாக இருக்கிறது என்று அப்பா போகும் வள்ளத்துக்காரர் அவனை ஏற்றிக்கொண்டார். வலைக் குவியலுக்கு அந்தப் பக்கம் இருந்த அப்பா இதை முதலில் கவனிக்கவில்லை. கரையில் நானும் அம்மாவும் நின்றிருந்தோம். போன வள்ளம் சற்று நேரத்தில் திரும்பி வருவதைப் பார்த்ததும் அம்மா கையில் இருந்த கூடையைக் கீழே போட்டுவிட்டாள். பாதியில் திரும்புகிற வள்ளம் நல்ல செய்தி கொண்டுவருவதில்லை. வந்தது அப்பா. அண்ணனை இடுப்பளவு தண்ணீரில் இறக்கிவிட்டார்.

“எறங்குலே. ஒங்கம்மா பக்கத்துல போய் நில்லு.”

டீசல் வீணாகிவிட்டது என்று வள்ளத்துக்காரர் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். அப்பா மறுபடி கடலைப் பார்த்துத் திரும்பிவிட்டார். அண்ணன் அவமானத்தில் அழுதுகொண்டு வந்தான். நான் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தேன். வெளிறிப் போயிருந்தது. அப்பாவும் பயப்படுவார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அந்தப் பயம் அன்றைக்கே என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டது. விமானம் ஏறி இவ்வளவு தூரம் வந்தும் அது என்னை விட்டு இறங்கவில்லை.

என் கணவர் ராஜன், கடலிலிருந்து தள்ளி இருக்கும் சாயர்புரத்துக்காரர். அவருக்குக் கடல் என்றால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுண்டல் பொட்டலத்தோடு போய்க் காலை நனைத்துவிட்டு வருவது. ரீனா இங்கேயே பிறந்தவள், ஒன்பது வயது. குழந்தைகளுக்குப் படம் எடுக்கிற ஒரு பெரிய கார்ட்டூன் கம்பெனியின் கப்பல் இங்கே ஓடுகிறது. அதில் படத்தில் வரும் பொம்மைகளெல்லாம் ஆள் உயரத்துக்கு நடந்து வந்து பிள்ளைகளைக் கட்டிக்கொள்ளுமாம், சாப்பாட்டு மேசைக்கே வந்து பக்கத்தில் உட்காருமாம். வகுப்பில் அதில் போகாதவள் தான் ஒருத்திதான் என்று ரீனா அழுதாள். ராஜன் உடனே சரி என்றார். மலிவாக இடம் பிடிக்கிற வேலையை என் தலையில் கட்டினார்.

“ஏளா, ஏலக்காரி மக நீதான. ஒன்ன விட்டா யாரு இருக்கா?”

அம்மா இப்போது இல்லை. இருந்த காலத்தில் திரேஸ்புரம் ஏலத்தில் மீன் எடுத்துச் சந்தையில் விற்றவள். முதலில் சொன்ன விலைக்குத் தலையாட்டவே மாட்டாள். நல்ல மீன் மலிவாக வந்தால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். அதே புத்தியோடு நானும் உட்கார்ந்தேன். கார்ட்டூன் கம்பெனிக் கப்பலுக்கு மற்றக் கப்பல்களைவிட விலை கூட. பெற்றவர்களால் இல்லை என்று சொல்ல முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். பள்ளி விடுமுறை வந்தால் இன்னும் ஏறும். எந்த அறை என்பதை நீங்களே கொடுங்கள் என்று அவர்களிடம் விட்டுவிட்டால் கொஞ்சம் இறங்கும். ஜன்னல் இல்லாத உள்ளறை எல்லாவற்றையும்விட மலிவு. மற்றவர்கள் அதைக் குறையாகச் சொல்கிறார்கள், எனக்கோ அதுவே பெரிய சலுகையாகத் தெரிந்தது. இப்படி விலையை ஒப்பிட்டுக்கொண்டிருந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கணினியில் அந்தக் கப்பலின் படம் வரும்போதெல்லாம் கையால் அதை மறைத்துக்கொண்டுதான் விலையைப் படித்தேன். சிரிக்க வேண்டாம், உண்மையைச் சொல்கிறேன்.

கடைசியில் டிக்கெட் பதிவு செய்து கொடுக்கும் ஒரு ஏஜென்சிக்குப் போன் போட்டேன். பேசியவள் பெயர் ஷெரில், குரலை வைத்துப் பார்த்தால் என்னைவிட மூத்தவள். அவளுடைய ஆங்கிலத்தையும் என்னுடைய ஆங்கிலத்தையும் தமிழிலேயே தருகிறேன்.

“எல்லாவற்றையும்விட நல்ல விலை டிசம்பர் முதல் வாரம், ஹனி.”

“ஏன் மலிவு?”

“தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்திருக்கும், கிறிஸ்துமஸ் வந்திருக்காது. யாரும் போகமாட்டார்கள்.”

“புயல்?”

“டிசம்பரிலா?” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கார்த்திகையும் மார்கழியும் தூத்துக்குடித் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிற மாதங்கள். எத்தனாம் நம்பர் கூண்டு என்று கேட்டுக்கொண்டுதான் எங்கள் தெருவில் உலை வைப்பார்கள். டிசம்பர் வேண்டாம், செப்டம்பரில் பாருங்கள் என்றேன். செப்டம்பரிலும் விலை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இங்கே புயல் மாதம் அதுதான் என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். நான் நம்பாமல் தேடிப் பார்த்தேன். உண்மைதான். இத்தனை வருஷம் இந்த நாட்டில் சாப்பிட்டுத் தூங்கியும், எந்த மாதத்தில் எந்தக் கடலுக்குப் பயப்பட வேண்டும் என்பதில் நான் இன்னும் தூத்துக்குடியில்தான் இருந்திருக்கிறேன். சரி, டிசம்பரே இருக்கட்டும் என்றேன்.

“எத்தனை பேர்?”

“இரண்டு பேர். என் கணவரும் மகளும்.”

“நீங்கள்?”

“நான் ஏறமாட்டேன். கப்பல் கிளம்பும் கால்வெஸ்டன் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த ஓட்டல் அறை ஒன்றில் இருப்பேன். கப்பல் திரும்பும்வரை.”

எனக்கு இதில் விசித்திரம் எதுவும் தெரியவில்லை. அவர்கள் கடலுக்குப் போகிறார்கள், நான் கரையில் இருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் ஷெரிலின் குரல் குழைந்துவிட்டது.

“புரிகிறது, ஹனி. என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது நாங்களும் அப்படித்தான். ஒரு விடுமுறை அவரோடு, ஒரு விடுமுறை என்னோடு. முதலில் வலிக்கும். போகப்போகச் சரியாகிவிடும். அப்பாவோடு மட்டும் பிள்ளை போவதால் உங்கள் சம்மதக் கையெழுத்து வேண்டியிருக்கும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

எது வலிக்கும், எது சரியாகும் என்று விளங்காமலே நன்றி சொல்லி, இரண்டு பேருக்கு இடம் பிடித்து வைக்கச் சொன்னேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. ரீனா அதே மேசையில் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. ராஜன் என்னவென்று கேட்டதும் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“நீயும் அம்மாவும் டிவோர்ஸ் பண்ணப்போறீங்களா அப்பா? எனக்கு ஷிப் வேண்டாம்.”

அப்போதுதான் ஷெரில் சொன்னது எனக்கு உறைத்தது. பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவள் நெஞ்சு படபடவென்று அடித்தது. கடலைப் பற்றித் துளிப் பயமும் இல்லாமல் வளர்ந்த பிள்ளைக்கு, கரையில் வைத்தே நான் ஒரு பயத்தைக் கொடுத்துவிட்டேன். ராஜன் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ரீனாவைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“எங்களுக்கு என்னமும் ஆச்சின்னா, நீ கரையில நின்னு என்னளா செய்வ?”

“நிப்பேன்.”

“நின்னு?”

“வாரீங்களான்னு பாத்துக்கிட்டு நிப்பேன்.”

“அங்கன பிள்ள ஒன்னத் தேடுவாளே, அதுக்கு யாரு நிக்கது?”

மறுநாள் ஷெரிலைக் கூப்பிட்டு மூன்று பேர் என்றேன். “நீங்களுமா? ஓ ஹனி!” என்றவளின் குரல் உடைந்தது, மூக்கை உறிஞ்சும் சத்தம்கூடக் கேட்டது. நாங்கள் மறுபடி சேர்ந்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறாள். நான் திருத்தவில்லை. மூன்றாவது ஆளுக்கு இன்னும் கொஞ்சம் விலை குறைத்துக் கொடுத்தாள். அம்மா இருந்திருந்தால் அதை மட்டும் மெச்சியிருப்பாள்.

ஊரில் இன்னும் வள்ளம் ஏறிக்கொண்டிருக்கும் அப்பாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒளித்துப் போனால் அதற்கென்றே ஏதாவது நடந்துவிடும் என்று தோன்றியது.

“மூணு பேருமா?” என்றார் போனில்.

“ஆமாப்பா.”

“ஒரே கப்பல்லயா? கரையில யாருளா நிப்பா?”

“அது பெரிய கப்பல்ப்பா. நம்ம மாதா கோயில விட ஒசரம்.”

“கடலுக்கு அதெல்லாம் தெரியுமா?” மூச்சு வாங்கியது அவருக்கு. “போறதுன்னா போங்க. எந்தத் தேதின்னு மட்டும் எங்கிட்டச் சொல்லாத. தெரிஞ்சா என்னால தாங்க முடியாது.”

சொல்லவில்லை. அது அவருக்கு நல்லது என்றுதான் நினைத்திருந்தேன். கொஞ்ச நாள் கழித்து அண்ணன் ஸ்டீபன் கூப்பிட்டான். எடுத்ததுமே சத்தம் போட்டான்.

“ஏளா ஜெசி, அந்தத் தேதியச் சொல்லித் தொலளா. அப்பா கடலுக்கே போவமாட்டேங்காரு.”

“ஒடம்புக்கு என்ன?”

“ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. நீங்க என்னைக்குக் கடல்ல இருப்பியன்னு அவருக்குத் தெரியாதுல்லா? அதான் தெனமும் கரையிலயே நிக்காரு. வள்ளத்துக்காரரு வேற ஆளப் பாக்கப்போறேங்காரு.”

நான் ஹூஸ்டனில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நாட்களிலெல்லாம், எனக்காக ஒருவர் அங்கே கரையில் நின்றிருக்கிறார். போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

“டிசம்பர் மொத வாரம்ப்பா.”

“கார்த்திகையிலயா?”

“இங்கன அப்ப புயலே வராதாம்ப்பா. புயல் மாசமெல்லாம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருமாம்.”

“யாரு சொன்னா?”

“டிக்கெட் போட்டுக் குடுத்த பொம்பள.”

அவர் சிரிக்கவில்லை. அலைச் சத்தத்துக்கு நடுவில் சொன்னார்.

“சரி. அந்த வாரம் நான் நிக்கேன். அதுவரைக்கும் நீ கரையிலதான இருக்க?”

“ஆமாப்பா.”

“அப்ப நான் போயிட்டு வாரேன்.”

இன்றைக்கு அப்பா கடலில் இருக்கிறார். ரீனாவுக்குப் பொறுக்கவில்லை, இன்னும் நாள் கிடக்கும்போதே பெரிய பெட்டியை இழுத்து வந்து ஹாலில் திறந்து வைத்துவிட்டாள். நீச்சல் உடையும் பொம்மைக் காது வைத்த தொப்பியும் அதற்குள் போய்விட்டன. என் துணிகளுக்கு ஒரு பக்கம் காலியாக விட்டிருக்கிறாள்.

“வாம்மா, அடுக்கலாம்.”

“கொஞ்சம் பொறு. தாத்தா இன்னும் கரைக்கு வரல.”

“தாத்தா வேற கடல்லதானே இருக்காரு?”

ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தால் எதிர்வீட்டுக்காரர்கள் கார் நிறுத்தும் இடம்தான் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.