கற்பூரத்தில் வாங்கிய சத்தியம்

மாணவர் மனநலப் பயிற்சிக்கு என்னை அனுப்பியபோது எரிச்சல்தான் வந்தது. காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் பிடித்து, தினமும் மலையேறி வந்து அறிவியல் நடத்துவதே பெரும்பாடு. இது வேறா?

பயிற்சியில், பிள்ளைகள் மனம்விட்டுப் பேசினால், பேசியது வெளியே போகக் கூடாது என்றார்கள். உயிர் சம்பந்தப்பட்டதை மட்டும் மறைக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். அவசரக்காரி நான், முதல் பாதியைப் பிடித்துக்கொண்டேன். பள்ளி இருக்கும் இந்த மலையில், வளப்பூர் நாட்டில், நம்பிக்கை என்றால் சத்தியம்தானே! பத்தாம் வகுப்பில் கற்பூரம் ஏற்றி, "இங்கே பேசுவதை வெளியே சொல்ல மாட்டோம்" என்று குலசாமி பேரில் சத்தியம் வாங்கினேன். என் சாமர்த்தியத்தில் எனக்கே பெருமை.

ஒரு மாதம் கழித்து, அந்த வகுப்பில் ஒருத்தி மதியச் சோற்றைத் தொடாமல் என்னிடம் வந்தாள்.

"டீச்சர், சத்தியத்த மீறுனா யாருக்குங்க ஆகாது? எனக்கா, எங்க ஊட்ல இருக்கறவங்களுக்கா?"

அவள் வாயைக் கட்டியது நான்தான்.

"உசுரு விசயத்துக்கு சத்தியமே கெடையாது கண்ணு. பாவம் வந்தா எனக்கு வரட்டும். சொல்லு."

"எங்கூட்டாளி இனி உசுரோட இருக்க மாட்டேங்கறாங்க டீச்சர்" என்று உடைந்து அழுதாள்.

அந்தக் கூட்டாளி அடுத்த அறையில், ஒன்றுமே நடக்காதவள் மாதிரி வரைபடம் வரைந்துகொண்டிருந்தாள். தனியே அழைத்துப் போய், சாகத் தோன்றுகிறதா என்று பயிற்சியில் சொன்னபடி நேராகவே கேட்டேன். தலையாட்டினாள். அவள் அம்மா வந்து சேரும்வரை கையை விடவில்லை. அன்றே மூவரும் கீழே அரசு மருத்துவமனைக்குப் போனோம். பிறகு மாதக்கணக்கில் ஆலோசனை, மருந்து, வீட்டாரோடு பேச்சு. நல்ல நாளும் வந்தது, மோசமான நாளும் வந்தது. அவள் தேறினாள்!

மறு வருடம், தானே கேட்டுக்கொண்டு, புதிய பத்தாம் வகுப்பின் முன்னால் வந்து நின்றாள். அன்று என்னிடம் வந்து சொன்ன கூட்டாளியையும் இழுத்து வந்திருந்தாள்.

"இவ டீச்சர்கிட்ட சொல்லிப்போட்டான்னு ஒரு மாசம் இவகூடப் பேசல. சொல்லாம உட்டிருந்தா நான் இங்க நிக்கமாட்டேன். நீங்களும் சொல்லிப்போடுங்க" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது, என் பின்னாலேயே ஒரு பெண் ஓடி வந்தாள்.

"டீச்சர், எங்கூட்டாளி ஒருத்தியப் பத்திச் சொல்லோணுங்க."