பூங்காவனத்தைப் போல் நாலு பேர்

பூங்காவனத்திடம் ‘சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது’ என்று சொல்லக் கூடாது. ஓமத் தண்ணீர் வாங்கி வந்துவிடுவாள்.

ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைத்து அனுப்பும் கம்பெனி ஒன்றில், 1982இல், அவளும் நானும் பக்கத்துப் பக்கத்தில் நின்று நூல் வெட்டினோம். தைத்து வரும் தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்நுனிகளைக் கத்தரித்து அடுக்கும் வேலை. துத்திப்பட்டிலிருந்து நடந்தே வருவாள். புருஷன் மாட்டுவண்டியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருந்தான். புதிதாக வருகிறவர்களை மூன்று மாதம் பார்த்துவிட்டு, வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று மேஸ்திரி சொல்வார். அவளுக்கு மூன்று மாதம் முடிய இன்னும் ஒரு வாரம்தான்.

மேஸ்திரி வேதாசலத்துக்கு நேராகப் பேச வராது. யாராவது தாமதமாக வந்தால், “வாங்க கலெக்டரம்மா” என்பார். பூங்காவனம் வாசலைத் திரும்பிப் பார்ப்பாள், கலெக்டர் எங்கே என்று. அவர் எதைச் சொன்னாலும் என் காதருகே குனிந்து, “கேலியா, நெசமா?” என்பாள். நான் கண்ணைச் சிமிட்டினால் கேலி. பேச வெட்கப்படுகிற எனக்கு அது வசதியான ஏற்பாடு.

அந்தத் திங்கட்கிழமை எனக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. அன்று நடந்ததை எங்கள் மேசையில் வேலை செய்த அமிர்தவள்ளி சொல்லித்தான் தெரியும். சாயங்காலம் எல்லார் அடுக்கும் இடுப்பளவு நிற்க, பூங்காவனத்தின் அடுக்கு முழங்காலைத் தாண்டவில்லை. மேஸ்திரி அதை ஏற இறங்கப் பார்த்தாராம்.

“ஒன்ன மாதிரி இன்னும் நாலு பேரு இருந்தா போதும்மா. கம்பெனி அமோகமா போவும்.”

மேசை முழுக்கச் சிரிப்பு. நல்ல சேதிதான் போலிருக்கிறது என்று அவளும் சிரித்தாளாம்.

மறுநாள் காலை கேட்டில் அவளோடு மூன்று பெண்கள் நின்றார்கள். நாலு பேரும் ஒரே உயரம், ஒரே கறுப்பு, ஒரே பக்கத்தில் மூக்குத்தி.

“யாருடி இவங்கள்லாம்?” என்றேன்.

“மேஸ்திரி என்ன மாதிரி நாலு பேரு வேணுன்னாரு. தேடறதுக்குள்ள பேஜாராப் போச்சுக்கா. மூணுதான் கெடச்சாங்க. நாலாவதா ஒருத்தி இருக்கா, ஆனா ஒசரம் ஜாஸ்தி.”

இரண்டு கண்ணையும் சிமிட்டினேன். கண்ணில் தூசியா என்று கேட்டாள்.

அதற்குள் மேனேஜர் ஷபீ அஹமது வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டு மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

“இன்னா மேஸ்திரி, ஆள் எடுக்கறது நீங்களா?”

“அய்யோ சார், அது கேலிக்குச் சொன்னது.”

“கேலின்னா?”

“கம்பெனி நல்லா போவும்னு சொன்னேன் சார். அதாவது... போவாதுன்னு.”

“போவும்னா போவாதா?” மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப இந்தம்மா வேலை சரியில்லையா? அதச் சொல்லுங்க.”

“ரொம்ப ஸ்லோ சார்.”

பூங்காவனத்தின் முகம் சுருங்கிவிட்டது. “ஒரு நூல்கூடத் தெரியக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க மேஸ்திரி?” என்றாள்.

மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய் அவள் அடுக்கைக் கலைத்தார். அதிலிருந்த முப்பது ஜோடியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு நூல் இல்லை. ஒப்புப் பார்க்கக் கைக்கு எட்டியதை எடுத்தார். அது சனிக்கிழமை நான் வெட்டிய அடுக்கு. முதல் ஜோடியிலேயே மூன்று நூல், பூனை மீசை மாதிரி. கேலி புரிகிறவள் கை அவ்வளவுதான்.

“இவங்க இருக்கட்டும்,” என்றார். “அந்த மூணு பேரையும் வேலைல வெச்சுப் பாருங்க.”

மேஸ்திரி அதன்பிறகு எல்லாரிடமும் நேராகப் பேசப் பழகினார். பாவம், பேச்சே குறைந்துவிட்டது.

அடுத்த வருஷம் ஒருநாள் அவரே அரைமணி தாமதமாக வந்தார். பூங்காவனம் தலை நிமிராமல், “ஒங்கள மாதிரி நாலு பேரு வேணும் மேஸ்திரி,” என்றாள்.

அவர் அவள் அடுக்கைப் பார்த்தார். பிறகு மெதுவாக என் பக்கம் வந்து குனிந்தார்.

“ஏம்மா, கேலியா, நெசமா?”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நூலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைச் சிமிட்டுவதா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை.