நான் சொன்ன ‘வெள்ளன’

ஒரு தையற்காரரின் வளவில் அத்திவாரக் கல் இறக்கிக் கிடந்ததைக் கண்ட அன்றுதான், என் வாயிலிருந்து விழுந்த ஒரு சொல் என்ன வேலை பார்த்திருக்கிறது என்று எனக்கு விளங்கியது. எண்பதுகளின் தொடக்கம். கல்முனைப் பக்கம் மருத்துவமாதாக நான் வீடு வீடாகச் சைக்கிளில் போய்வந்த காலம்.

அவருடைய மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. நிறை பார்க்கப் போன என்னிடம் தாய் காட்டினாள். குழந்தையின் மார்பில் ஒரு பக்கம் புளியங்கொட்டை அளவில் வீக்கம். சிவக்கவில்லை, நோவும் இல்லை. அப்படிச் சில குழந்தைகளை நான் முன்னரே கண்டிருந்தேன். “சில புள்ளைகளுக்கு இது வெள்ளன வாறதான். பயப்படாதீங்க. அமத்திக் கிமத்திப் பாக்காம கிளினிக்குக்குக் கொண்டு வாங்க” என்றேன். வாசலில் நின்ற வாப்பாவின் காதில் நேரகாலத்தோடு என்று பொருள்படும் அந்த ‘வெள்ளன’ மட்டும்தான் விழுந்தது. மகள் எட்டு ஒன்பது வயதிலேயே பெரியபிள்ளையாகி, கலியாணத்துக்குக் குமராகிவிடுவாள் என்று மனிதர் முடிவுகட்டிவிட்டார்.

எங்கள் கரையில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மற்ற வாப்பாமார் பதினைந்து வருடமாக ஆறுதலாய் எழுப்பும் சுவரை இவர் பாதிக் காலத்தில் எழுப்பியாக வேண்டும். அத்திவாரக் கல்லை இறக்கிய கையோடு, தையல் மெசினை நம்பி மிச்சம் நடக்காது என்று, சவூதிக்குப் போக பாஸ்போட் எடுத்துவிட்டார்.

கிளினிக்கில் டாக்டர் உயரமும் நிறையும் பார்த்தார். வேறெந்த மாற்றமும் இல்லை, தானாக வற்றிவிடும், பெரியபிள்ளையாவது உரிய வயதில்தான், இடைக்கிடை காட்டினால் போதும் என்றார். அதை நான் வீட்டுக்கே போய்ச் சொன்னேன்.

“நீங்க முதல் சொன்னதுதான் மெய், மிஸி. இப்ப எங்கட ஆறுதலுக்குக் கதைக்கிறீங்க” என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு சட்டைக்கு இரண்டு தரம் அளவெடுக்கிற மனிதருக்கு என் பேச்சை ஒரு தரம் கேட்டது போதுமாக இருந்தது. அடுத்த மாதமே போய்விட்டார்.

வீக்கம் மெல்லக் குறைந்தது. ஒரு நாள் என் கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அட்டையில் குறித்துக்கொண்டேன்.

நாலு வருடம் கழித்து வந்தார். கூரை போட்ட வீட்டின் முன் கதிரை போட்டு என்னை இருத்தினார்.

“அது எப்ப மிஸி வத்தினது?”

“ரெண்டு வயசும் நாலு மாசமும்.”

விரல் மடக்கிப் பார்த்தார். “அப்ப நான் போய் எட்டு மாசம்” என்றார்.

கதவுக்குப் பின்னால் நின்ற மகள் தாயின் முந்தானையை இழுத்து, எல்லாருக்கும் கேட்கும்படியே கேட்டாள்.

“உம்மா, இந்த மாமா எப்ப அவர்ர ஊட்டுக்குப் போவாரு?”