அப்பா எழுதிய தோட்டத்துச் சேதி

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது அப்பாவின் முதலாம் ஆண்டுத் திருப்பலி முடிந்திருக்கும். சாப்பாட்டுக்குக் கை கழுவும் முன் புரட்டிப் பார்ப்பீர்கள். முதலில் படங்களைத்தான் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் செய்வேன். பிறகு நேரம் கிடைத்தால் இந்தப் பக்கத்துக்கு வாருங்கள். அச்சுக்குப் போகும் முன் இதை ஒருமுறை பார்க்கத் தரும்படி மாமா கேட்டார். நான் கொடுக்கவில்லை. நினைவு மலரில் யாரையும் குறை சொல்லக்கூடாது என்பது அவருடைய கட்சி. அப்பாவைப் பற்றி உண்மையை எழுத வேண்டும் என்றால் ஒருவரைக் குறை சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்பா ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், மேல் லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பதினான்கு வயதில் தகப்பனை இழந்தார். அவருக்குக் கீழே இரண்டு தங்கைகளும் ஒரு தம்பியும். படிப்பை விட்டுவிட்டுத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்குப் போனார். செடியை எந்த இடத்தில் வெட்டினால் எங்கே துளிர்க்கும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக் கொடுத்ததால் வெளியாட்கள் அவரை மாஸ்டர் என்றார்கள். வீட்டிலும் லயத்திலும் அவர் எல்லோருக்கும் அண்ணன். அவரைவிட வயது கூடியவர்கள்கூட அண்ணன் என்று கூப்பிட்டதை நான் கேட்டிருக்கிறேன். அண்ணன் என்று அவர் கூப்பிட மட்டும் ஒருவரும் இருக்கவில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நான் பிறந்து சில வருடங்களில், பல்லேகலைக்கு அப்பால், மழை குறைந்த பக்கத்தில், கண்டி நகரத்து வியாபாரி ஒருவர் காணி வாங்கி வைன் செய்யும் தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். நம்முடைய ஆள், நம்முடைய பங்குக் கோவில். கவ்வாத்துத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று அவர் கேட்க, பங்குத்தந்தை அப்பாவைக் கூட்டிப் போனார். முதல் நாளே அப்பா பழக்கத்தில் "துரை" என்று ஆரம்பித்திருக்கிறார். அவர் அப்பாவின் தோளைப் பிடித்து, "துரையும் வேணாம், முதலாளியும் வேணாம். அண்ணன்னு கூப்பிடுங்க. இது குடும்பத் தோட்டம்" என்றாராம்.

அன்று அப்பா வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் மூன்று தடவை சொன்னாராம். அதோடு முடிந்தது. அவர் அண்ணன் ஆனார், அவருடைய மனைவி அண்ணி ஆனார், எனக்கும் என் தம்பிக்கும் ஒரு பெரியப்பா கிடைத்தார். எங்கள் குடும்ப மரத்தில் இல்லாத ஒரு கிளை ஒரே நாளில் முளைத்தது.

ஆரம்பத்தில் அங்கே திராட்சை இல்லை, வேறு பழங்களில்தான் வைன் செய்தார்கள். கெலிஓயாவில் பழக்கடை வைத்திருந்த முஸ்லிம் ஒருவர் அன்னாசியும் கொடித்தோடைப் பழமும் தன் வேனில் கொண்டுவந்து இறக்குவார். எல்லோரும் அவரை நானா என்பார்கள், அப்பாவும் நானா என்றே கூப்பிடுவார். வைன் அறைப் பக்கம் நானா எட்டியும் பார்க்க மாட்டார். பழத்தை நிறுத்துவிட்டு வெளியே மரத்தடியில் அப்பாவோடு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்.

யுத்தத்தின் இடையே வடக்கே பாதை திறந்திருந்த ஒரு காலத்தில் அப்பா யாழ்ப்பாணம் போய்த் திராட்சைத் தடிகளை வெட்டிக்கொண்டு வந்தார். ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் கீழே வைத்தால் மிதிபடும் என்று, வழி முழுவதும் மடியிலேயே வைத்திருந்தார். சோதனைச் சாவடியில் சாக்கைப் பிரித்துப் பார்த்த சிப்பாய், இந்தக் காய்ந்த குச்சியை யார் சாப்பிடுவது என்று சிரித்தானாம். கண்டி பஸ் நிலையத்தில் இறங்கியபோது ஈரத்தில் தொடையெல்லாம் ஊறி, ஒரு மாதம் அரிப்பு. வேனோடு வந்து காத்திருந்து ஏற்றிப் போனவர் நானா. இந்தக் கதையை அப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. பெரியப்பாவின் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து சொல்வார், அவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்.

தடிகள் பிடித்துக்கொண்டன. கொடி பந்தலில் ஏறியதும் குடும்பங்கள் பார்க்க வரத் தொடங்கின. அப்போதுதான் வாசலில் ஒரு கரும்பலகை வைத்து அப்பா தோட்டத்துச் சேதி எழுத ஆரம்பித்தார். கவ்வாத்து முடிந்தது, பூ வந்துவிட்டது, மழைக்குப் பொலித்தீன் கட்டியாயிற்று, வரும் சனிக்கிழமை பழம் வெட்டு, பிள்ளைகள் தொட்டியில் இறங்கி மிதிக்கலாம், மாற்றுடுப்புக் கொண்டு வரவும். முஸ்லிம் குடும்பங்கள் வந்தால் தயங்கக்கூடாது என்று, புளிக்காத சாற்றுக்கு வேறு அறை, வேறு கிளாஸ் என்பதையும் மறக்காமல் எழுதுவார். பிறகு அது பருவத்துக்கு ஒன்றாக அச்சடித்த தாளானது. தலைப்பு எப்போதும் "நமது தோட்டம்".

ஒரு தடவை கோவில் தமிழில் "திராட்சை இரசம் கிடைக்கும்" என்று எழுதிவிட்டார். கொழும்பிலிருந்து வந்த ஒரு அம்மா, ரசம் மட்டும்தானா, சோறு இல்லையா என்று கேட்டாராம். பங்குத்தந்தை அந்தக் கதையைப் பிரசங்கத்திலேயே சொல்லி அப்பாவின் மானத்தை வாங்கினார். அதன்பிறகு அப்பா ஒழுங்காக "வைன்" என்று எழுதினார்.

வருடத்தின் முதல் குலை கோவில் பீடத்துக்குப் போகும். அதன்பின் தொட்டியில் முதலில் கால் வைப்பது பெரியப்பாவின் மகன், அடுத்தது நான், அடுத்தது என் தம்பி. வெளியிலிருந்து வந்த பிள்ளைகள் எங்களுக்குப் பிறகுதான். வீட்டுப் பிள்ளைகள் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது, இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பெரியப்பாவின் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து தோட்டத்தைப் பொறுப்பெடுத்தார். அதன்பின் வந்த வெள்ளிவிழா அறுவடைக்கு அப்பா வழக்கத்தைவிட நீளமான சேதி எழுதினார். எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து எழுத்துப் பிழை பார்த்தவள் நான், பள்ளிக்கூட ரீச்சர் அல்லவா. முதல் தடிகள் வந்த கதையை அதில் நான்கே வரியில் எழுதியிருந்தார். தன்னைப் பற்றி "தோட்டத்தார் ஒருவர்" என்று மட்டும் போட்டிருந்தார். உங்கள் பெயரைப் போடுங்கள் என்றேன். அண்ணன் மேடையில் சொல்வார், அவர் வாயால் வருவதுதான் அழகு என்றார். புதுச் சட்டை ஒன்று தைத்து வைத்திருந்தார்.

விழாவன்று காலை அந்தச் சட்டைக்கு மேல் தோட்டத்தின் பெயர் போட்ட ரீ சேர்ட் ஒன்றைக் கொடுத்து, அப்பாவைக் கீழே வாகனம் நிறுத்தும் இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கு அழைப்பு வரவில்லை. தவறியிருக்கும் என்று அப்பா சொன்னார், நாங்களும் நம்பினோம். அங்கே நடந்ததை அப்பா எங்களிடம் சொல்லவே இல்லை. அன்று தன் கடைக்குத் திராட்சை ஏற்ற வந்து வேனை விட்டு இறங்கிய நானாதான் பிறகு சொன்னார்.

மேலே ஒலிபெருக்கியில் பெரியப்பா பேசினார். யாழ்ப்பாணம் போன கதையைச் சொன்னார். ஈரச் சாக்கு, மடி, சிப்பாயின் சிரிப்பு, ஒரு மாத அரிப்பு, ஒன்றும் குறையவில்லை. ஆள் மட்டும் மாறியிருந்தது. "என் மடியில வச்சுத்தான் கொண்டு வந்தேன்" என்றார். கூட்டம் கைதட்டியது. அச்சடித்து வந்த தாளிலும் அதே கதை அவர் பெயரில் இருந்தது, அப்பாவின் நான்கு வரிகள் அப்படியே, "தோட்டத்தார் ஒருவர்" இருந்த இடத்தில் மட்டும் வேறு பெயர். அந்த இடத்தை அப்பாவே காலியாக விட்டுக் கொடுத்திருந்தார்.

நானா அப்பாவிடம் கேட்டாராம்: "மாஸ்டர், அண்டக்கி பஸ் ஸ்டாண்டுல நான் ஏத்தினது ஒங்களத்தானே?"

அப்பா ஒரு காருக்குக் கை காட்டிக்கொண்டே, பேசாமல் இருங்கள் நானா என்று சொன்னாராம்.

நாங்கள் வீட்டில் இதை எடுத்தபோதும் அப்பா பெரியப்பாவை விட்டுக்கொடுக்கவில்லை. "அண்ணனுக்கு வயசாச்சு மா. மறந்திருக்கும்" என்றார். அம்மா சாதாரணமாகக் குரல் உயர்த்த மாட்டார். அன்றும் உயர்த்தவில்லை. "மறந்தா உங்க பேரு மறக்கும். தன் மடின்னு எப்படிங்க வரும்?" என்றார். அப்பா புதுச் சட்டையை மடித்து அலுமாரியில் வைத்தார். அந்தச் சட்டையோடுதான் அவரை அடக்கம் செய்தோம்.

அடுத்த பருவம் சேதித் தாள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் வந்தது. எழுதச் சொல்லி அப்பாவை யாரும் கேட்கவில்லை. இரண்டு கவ்வாத்துக்குப் பிறகு, இனி ஓய்வாக இருங்கள் என்று பெரியப்பாவின் மகன் சொல்லியனுப்பினார். பெரியப்பா வந்து ஒரு வார்த்தை பேசுவார் என்று அப்பா காத்திருந்தார். வாயால் சொல்லவில்லை, ஆனால் ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்பார். பெரியப்பா வீட்டார் வேறு நேரத்துப் பூசைக்கு மாறியிருந்தார்கள். வருடங்கள் இப்படியே போயின.

பிறகு நோய் வந்தது. கடைசி வாரத்தில் ஒரு பிற்பகல், கூடை நிறையத் திராட்சையோடு பெரியப்பா வந்தார். "தம்பி, எப்படி இருக்கீங்க?" என்று கட்டில் அருகே வந்து நின்றார். அப்பா கஷ்டப்பட்டுத் தலையைத் தூக்கினார்.

"வாங்க முதலாளி" என்றார். என்னைப் பார்த்து, "முதலாளிக்குக் கதிரை போடு மா."

நான் அசையவில்லை. இத்தனை வருடத்தில் அந்தச் சொல் அப்பாவின் வாயிலிருந்து அவரைக் குறித்து ஒரு நாளும் வந்ததில்லை. பெரியப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "என்ன தம்பி, புதுசா முதலாளிங்கிறீங்க?" என்றார்.

"ஆரம்பத்துலேயே அப்படித்தான் கூப்பிட்டிருக்கணும், முதலாளி."

அப்பாவின் குரலில் கோபம் இல்லை. கொடிக்கு மழை தாங்கியதா, காய் எப்படி என்று விசாரித்தார். அவர் பதில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விட்டார். கூடையை அம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். நான்காம் நாள் அப்பா போய்விட்டார். அந்த விழாவில் நடந்தது அவருக்கு வலிக்கவில்லை என்று, முதலாளி என்ற சொல்லைக் கேட்கும் வரை நாங்கள் எங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தோம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். நோயில் பூசுதல் அருட்சாதனம் கொடுத்த பங்குத்தந்தை, வார்டில் அப்பாவைத் தங்கள் தகப்பனைப் போலச் சிங்களத்தில் "தாத்தே" என்று கூப்பிட்டு முகம் துடைத்துவிட்ட தாதிமார், மழையில் பெட்டியைப் படிக்கட்டால் தூக்கி வந்த அயலவர்கள், முப்பதாம் நாள் வரை அடுப்பு மூட்ட விடாத அத்தைமார், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பு. கிளினிக் நாட்களில் கெலிஓயாவிலிருந்து வேனைக் கொண்டுவந்து, அப்பாவைக் கையில் தூக்கி ஏற்றி, மருந்துக்கு வரிசையில் நின்று, திரும்ப வீட்டில் இறக்கிவிட்டுப் போன நானாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் உறவினர் பட்டியல் இருக்கிறது. முதல் பிரதியில் "அண்ணன்" என்ற இடத்தில் என் தம்பி பழக்க தோஷத்தில் அந்த முதலாளியின் பெயரைப் போட்டுவிட்டான். அந்தப் பெயரை நான் அடித்துவிட்டேன். அந்த இடத்தில் யாரைப் போடுவது என்று பேனாவோடு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. முஸ்லிம்கள் தங்கள் அண்ணனைக் கூப்பிடும் சொல் அது, நானா என்றாலும் அண்ணன்தான். கெலிஓயாச் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், எங்களுக்குத்தான் அது ஒரு பழக்கடைக்காரரின் பெயராகிப் போயிருந்தது.

பட்டியலில் அந்த வரியைப் பாருங்கள். அப்பா ஒரு அண்ணனுக்காக ஆயுசு முழுக்க ஏங்கினார். அந்த மரத்தடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு, தினமும் தன் அண்ணனை அண்ணன் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அது அவர் காதிலேயே விழவில்லை.