துப்பாக்கியை ஏமாற்றிய பஞ்சு

ஊரடங்கு என்றால் ஊருக்கெல்லாம் துக்கம், எனக்கு மட்டும் திருவிழா. இப்படிச் சொன்னால் அம்மா இன்றைக்கும் என்னை முறைப்பாள். ஆனால் நடந்தது அதுதான்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் விருத்தாசலமே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது, எங்கள் தெருவுக்கு மட்டும் காலையில் ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு வண்டி வரும். பீங்கான் கம்பெனி வண்டி. முன்கண்ணாடியில் ‘அத்தியாவசியப் பணி’ என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கும். அதில் ஏறிப் போகிறவர்களில் என் அத்தையும் ஒருத்தி. அதனால் எனக்கு வந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. அப்போது நான் ஏழாம் வகுப்பு.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. முப்பது வயது ஆகவில்லை, எங்கள் வீட்டோடுதான் இருந்தாள். அப்பா திருப்பூரில் மாட்டிக்கொண்டார். அம்மா கைக்குழந்தையான தம்பியோடு முடங்கிக் கிடந்தாள். வீட்டில் அடுப்பு எரிந்தது அத்தையால்தான். ஆனால் அந்தச் சுமை அவள் முகத்தில் தெரியாது. பாலக்கரை முக்கில் பைக்கில் வந்தவர்களைப் போலீஸ்காரர் தோப்புக்கரணம் போடவைப்பதையும், கம்பெனி வண்டியைக் கண்டதும் ஓடிவந்து ரோட்டுக்குக் குறுக்கே கட்டிய கயிற்றைத் தூக்கிவிடுவதையும் அவள் நடித்துக்காட்டினால் வயிறு வலிக்கச் சிரிப்போம். “கலெக்டருக்கு அப்புறம் இந்த ஊருல நான்தாண்டி” என்பாள்.

கரண்டுக்கு வேண்டிய ஃப்யூஸ் கட்டை செய்கிறோம் என்று சொல்லிக் கம்பெனியில் அனுமதி வாங்கியிருந்தார்கள். கரண்டு இல்லாமல் ஆஸ்பத்திரி நடக்குமா? நியாயம்தான். ஆனால் ஷெட்டுக்குள் முன்வரிசையில் மட்டும்தான் ஃப்யூஸ் கட்டை. அதற்குப் பின்னால் பிள்ளையார், யானை, கிளி உண்டியல் என்று கொலுவுக்கான பொம்மைகள் வரிசை கட்டி நின்றன. நாடே மூச்சுக்குத் திண்டாடிய அந்த நாளில் கிளி உண்டியலும் அத்தியாவசியம் ஆகிவிட்டது.

எனக்கு அந்த வண்டியில் ஏற வேண்டும். ஒரே பிடிவாதம். தம்பியைத் தூங்கவிடாமல் நான் போட்ட ஆட்டத்தில் அலுத்துப்போய், ஒருநாள் அம்மாவே, “இவளை எங்கயாவது இட்டுக்கினு போயிடு, தாங்க முடியல” என்று அத்தையிடம் தள்ளிவிட்டாள்.

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! வண்டியில் நெருக்கியடித்துக்கொண்டு உட்காரக்கூட இடமில்லை. அத்தையின் மடியில் ஏறிக்கொண்டேன். மடி கதகதவென்று சூடாக இருந்தது. வெயிலில் நின்றிருப்பாள் என்று நினைத்தேன். காலையில் டீயோடு அவள் ஏதோ மாத்திரை போட்டுக்கொண்டதைப் பார்த்திருந்தேன், கேட்கத் தோன்றவில்லை. பாலக்கரையில் நிஜமாகவே கயிறு தூக்கப்பட்டது. நான் போலீஸ்காரருக்கு ஒரு சல்யூட் வைத்தேன். அவரும் சிரித்துக்கொண்டே திருப்பி வைத்தார்!

கம்பெனியை ஒட்டித்தான் முதலாளியின் மாடிவீடு. மாடியில் அவர் பேத்தி நின்றுகொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். வாசலில் ஒரு பெண் பால் பாக்கெட்டைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஏய், உன்னை மட்டும் எப்படி வெளிய வுட்டாங்க?” என்று பேத்தி மேலிருந்து கேட்டாள்.

“எங்க அத்தைக்கு பர்மிஷன் இருக்குது. நாங்க எங்க வேணா போவோம்” என்றேன்.

“எங்க வூட்டுல கேட் கிட்டகூடப் போவக் கூடாதாம்” என்று அவள் அழாத குறையாகச் சொன்னாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கார் வைத்திருக்கிறவள், ஏசி வைத்திருக்கிறவள், என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள்! வேண்டுமென்றே அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ரெண்டு நடை நடந்து காட்டினேன்.

அடுத்தது கேட். அங்கே மேஸ்திரி ஒரு வெள்ளைத் துப்பாக்கியோடு நின்றார். நெற்றிக்கு நேரே நீட்டினால் காய்ச்சல் எவ்வளவு என்று சொல்லிவிடும். கூடுதலாகக் காட்டினால் அன்றைக்கு வேலை கிடையாது, அப்படியே வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். வரிசையில் நிற்கும்போது அத்தை சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு பஞ்சை எடுத்தாள். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையில் ஓரத்துக் கோட்டைத் துடைத்து மழமழப்பாக்குவார்களே, அந்த ஈரப் பஞ்சு. முந்தானையை முக்காடு போல இழுத்துவிட்டு, நெற்றியில் பஞ்சை ஒத்தி ஒத்தி எடுத்தாள். பிறகு ஒன்றும் தெரியாதவள் போல முகத்தை நீட்டினாள். துப்பாக்கி ‘பீப்’ என்றது. பச்சை விளக்கு.

“பாத்தியா பாப்பா, பொம்மைக்குப் பூசறது பொம்மனாட்டிக்கும் ஆவும்” என்று என் காதில் கிசுகிசுத்தாள். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. மிஷினையே ஏமாற்றிவிட்டாளே! உள்ளே போனதும் கைதட்டிவிட்டேன்.

ஷெட்டுக்குள் ஒரே புழுக்கம். பச்சைப் பொம்மைக்குக் காற்று ஆகாது. ஒரு பக்கமாகக் காற்றுப் பட்டால் விரிசல் விட்டுவிடும். அதனால் ஜன்னல்களையெல்லாம் சாக்குத் தைத்து மூடியிருந்தார்கள், ஃபேனும் போட மாட்டார்கள். எல்லோரும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுத் தோளோடு தோள் உரசி வேலை பார்த்தார்கள். அங்கங்கே இருமல். அத்தையும் இருமினாள். நடுவில் அவளே எழுந்துபோய் ஒரு சாக்கை விலக்கினாள்.

“மூச்சு முட்டுது மேஸ்திரி, கொஞ்ச நேரம் தொறக்கட்டுங்களா?”

“தொறந்தா அவ்ளோ யானையும் போச்சு. மொதலாளி போன்ல பாத்துக்கினு இருக்காரு, மூடும்மா.”

முதலாளி பக்கத்து மாடியில் இருந்தபடியே, கேமரா வழியாகச் செல்போனில் ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை சாக்கை மூடிவிட்டு வந்து, எனக்கு ஒரு குட்டி யானையைத் துடைக்கக் கொடுத்தாள். அதன் தும்பிக்கையை உடைத்துவிட்டேன். அதற்கும் சிரித்தாள்.

அந்த வாரமே முதலாளிக்கும் நோய் வந்தது. அறுபதைத் தாண்டியவர், சர்க்கரை வேறு. பாண்டிச்சேரியில் படுக்கையை உறுதிசெய்துகொண்டுதான் காரைக் கிளப்பினார்களாம். அத்தை அப்போதும் பஞ்சும் மாத்திரையுமாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு காலையில் வண்டி ஹாரன் அடித்தது. அத்தையால் எழுந்திருக்க முடியவில்லை. வண்டி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அன்று மத்தியானம் எங்கள் வீட்டு வாசலுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. அதுவும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது! தெருவே ஜன்னல் வழியாகப் பார்த்தது. தலையோடு கால் மூடிய உடுப்பில் ஒருவர் இறங்கிவந்து அதே மாதிரித் துப்பாக்கியை நீட்டினார். நான் விடுவேனா? உள்ளே ஓடி, பையிலிருந்த பஞ்சைத் தண்ணீரில் முக்கிக்கொண்டு வந்தேன்.

“அத்த, இந்தா பஞ்சு! தொடச்சிக்கோ, சீக்கிரம்!”

அம்மா என்னைப் பிடித்து இழுத்தாள். அத்தை சிரிக்கப் பார்த்தாள். வார்த்தை துண்டுதுண்டாக வந்தது.

“வாணாம் பாப்பா. இப்ப ஜாஸ்தியா காட்டணும். அப்பதான் ஏத்திக்குவாங்க.”

ஆட்டத்தின் விதி மாறிவிட்டது என்று புரிந்துகொண்டேன். துப்பாக்கி விடாமல் கத்தியது. சிவப்பு விளக்கு. அத்தை இந்த ஆட்டத்திலும் ஜெயித்துவிட்டாள் என்று கைதட்டினேன். பாலக்கரையில் அவளுக்காக மறுபடியும் கயிற்றைத் தூக்கியிருப்பார்கள்.

முதல் ஆஸ்பத்திரியில் இடமில்லை. அடுத்த ஊர் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி வெகுநேரம் வரிசையில் நின்றது. அத்தையைப் பிறகு வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. முதலாளி நல்லபடியாகத் திரும்பினார். அன்று கம்பெனி வாசலில் வெடி போட்டார்கள். சத்தம் எங்கள் தெருவரை கேட்டது. அவர் பிழைத்ததில் எனக்கு வருத்தமில்லை. அத்தையும் பிழைத்திருக்கலாம் என்பதுதான் ஆறவில்லை.

இப்போது நான் நர்சிங் படிக்கிறேன். வயதானவர்களையும் சர்க்கரை உள்ளவர்களையும்தான் அந்த நோய் அதிகமாகக் கொண்டுபோனது என்று வகுப்பில் சொன்னார்கள். சரியாகத்தான் இருக்கும். ஆனால் அதைக் கேட்டபோது சாக்குத் தைத்த ஜன்னல்தான் என் கண்முன் வந்தது. வார்டில் கூலி வேலைக்குப் போகிற அக்கா யாராவது வந்து உட்கார்ந்தால், துப்பாக்கியை நீட்டும் முன் அவர் நெற்றியைத் தொட்டு ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். கூடப் படிக்கிறவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

அன்று கேட்டுக்கு வெளியே ரெண்டு நடை நடந்து காட்டியபோது, மாடியில் நின்ற அந்தப் பெண்ணைத்தான் அடைத்துவைத்திருக்கிறார்கள், எங்களைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.